பாக்குவெட்டியால் திறந்த கம்பளிச் சட்டை

பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளுக்காக இதை எழுதுகிறேன். சின்னஞ்சிறுசுகள் படித்தால் படிக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் லைன் வீடு என்றால் என்ன, மில் சங்கு என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது. உங்களுக்கு அதெல்லாம் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்புக்காரி. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ராஜபாளையத்தில் என் தையல் கூடத்தில் பதினெட்டு மெஷின் ஓடுகிறது. தென்காசியானாலும் சாத்தூரானாலும் கைப்பிள்ளைக்குச் சட்டை என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது என் முன்கட்டுச் சட்டையைத்தான். தலைவழியாக மாட்டுகிற வேலை கிடையாது. கையை நுழைத்து நெஞ்சில் இரண்டு நாடாவை முடிந்தால் தீர்ந்தது. தூங்குகிற பிள்ளைக்குப் போடலாம், ஓடுகிற பிள்ளையிடமிருந்து கழற்றலாம். இது மாதிரி தைக்கிறேன் என்று இந்த ஊரில் நாலு பேர் கிளம்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கழுத்து சரியாக வரவில்லை. அதுக்கெல்லாம் பிள்ளை தூக்கி இடுப்பு காய்த்திருக்க வேண்டும்.

காலேஜ் படித்த பிள்ளைகள் வந்து, "ஆச்சி, இந்த டிசைன் எங்க புடிச்சிய?" என்று கேட்பார்கள். பிடிக்கவில்லை, வெட்டினேன். ஒன்பது வயதில், பாக்குவெட்டியால். சொன்னால் சிரிப்பார்கள். முழுக் கதையையும் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. நமக்குத்தான் நேரம் கிடக்கிறது.

யுத்தம் வருவதற்கு முந்தின ஐப்பசி. அப்பா பஞ்சுப் பொதி ஏற்றும் வண்டியோடு வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். அம்மா மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை. முதல் சங்குக்கு எழுந்து, இரண்டாம் சங்குக்குப் புறப்படுவாள். ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். போகிறவள் மூன்று தரம் திரும்பிப் பார்ப்பாள்: தண்ணிக் குழாய்ப் பக்கம் ஒரு தரம், கடைசி வீட்டு மூலையில் ஒரு தரம், மில் கேட்டுக்குள் நுழையும்போது ஒரு தரம். மூன்றாவது தரம் அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியும்.

"காத்துப் படாமப் பாத்துக்கோ."

ஏன் அப்படிச் சொல்வாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இவனுக்கு முன்னால் எனக்கு ஒரு தம்பி இருந்தான். அதற்கு இரண்டு வருடம் முந்தி, இதே ஐப்பசியில், ஓடையில் வெள்ளம் வருகிறது என்று ஊரே பார்க்க ஓடியது. ஏழு வயதான நானும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செந்தண்ணீரில் ஒரு வைக்கோல் படப்பு அப்படியே மிதந்து போனதைப் பார்த்து அவன் கை தட்டினான். தூறலில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கே அவனுக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்த போர்வை, ஜமுக்காளம் எல்லாம் அவன் மேல் ஏறியது. கதவையும் ஜன்னலையும் அடைத்து, பக்கத்தில் கரிச்சட்டியும் வைத்தார்கள். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். காத்துப் பட்டு ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கழித்து இவன் பிறந்தான்.

உன்னால்தான் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

சரி, இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறேன்.

அந்த லைனில் நான் பார்த்துக்கொண்டது தம்பியை மட்டும் இல்லை, நாலு பிள்ளைகளை. தம்பி ஒருவன். எதிர்வீட்டுப் பையன் ஒருவன், மண்ணைத் தின்பான். கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி, விட்டால் ரயில் கேட் வரைக்கும் ஓடிவிடுவாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருந்தார். நாலு பையன்களுக்குப் பிறகு பிறந்த அவருடைய கடைக்குட்டி மகள் நாலாவது. மண்தின்னி, ஓட்டக்காரி, கடைக்குட்டி, தம்பி. மில்லுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. நூல் சுற்றி உடைந்துபோன பாபின் கட்டைகளை அங்கேதான் கொட்டுவார்கள். அதை அடுக்குவது, தள்ளுவது, வாயில் வைப்பது, ஒருத்தர் மண்டையில் ஒருத்தர் போடுவது, இதுதான் விளையாட்டு. சிவப்பு வளையம் போட்ட பாபின் ஒன்று தம்பிக்கு உயிர். எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை அதில் அடிக்கும். பிற்பாடு எத்தனையோ மில்லுக்குப் போயிருக்கிறேன், அந்தச் சிவப்பு வளையம் போட்டதை எங்கேயும் பார்க்கவில்லை.

நம் ஊர் ஐப்பசி உங்களுக்குத் தெரியும். விடியும்போது மேற்கு மலையிலிருந்து இறங்குகிற குளிரில் ஓட்டு நுனியெல்லாம் சொட்டும். வெயில் மில் புகைபோக்கியைத் தாண்டிவிட்டால் முதுகு தீயும். உச்சி சாய்ந்ததும் மலை மேகத்தால் முக்காடு போடும். முக்காடு இடுப்புவரை இறங்கினால், உலை கொதிக்கிற நேரத்துக்குள் மழை நம் தலையில் இருக்கும். மழை நின்ற கையோடு மறுபடியும் வெயில், மண்ணிலிருந்து ஆவி. ஒரே நாளில் மூன்று காலம். நாலு பிள்ளைகளுக்கும் விடியற்காலைக் குளிருக்கு என்று அம்மாக்கள் சுற்றிவிட்ட சேலைத்துணியும் காதுக்கட்டும் நாள் முழுக்க அப்படியே இருந்தால் என்ன ஆகும்? வெந்துபோகும்.

நான் கழற்றிவிடுவேன். ஒவ்வொருவர் துணியையும் தனித்தனி மூட்டையாகக் கட்டி வரிசையாக வைப்பேன். எப்போது கழற்ற, எப்போது போட என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளையின் பிடரியில் கையை வைக்க வேண்டும். பிடரி வெதுவெதுப்பாய்க் காய்ந்திருந்தால் சரி. நசநசத்தால் ஒரு துணி குறைக்க வேண்டும். சில்லென்றால் ஒன்று கூட்ட வேண்டும். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, பிள்ளைகளுக்கு அது அப்படித்தான் இருக்கும். வேர்த்த உடம்பைத் துடைக்காமல் மேலே துணி போடக் கூடாது. இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நாலு பிடரியில் தினம் இருபது தரம் கை வைத்தால் தானாகத் தெரிகிறது. இன்றைக்குப் பெரிய டாக்டர்கள் இதையேதான் சொல்கிறார்கள். நான் அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன்.

மலை முக்காடு போட்டதும் துணி மாட்ட ஆரம்பித்தால், முதல் சொட்டு விழுவதற்குள் நாலு பேரும் தயார். ஓட்டக்காரியை மட்டும் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு போடுவேன். மத்தியானச் சங்கு ஊதி அம்மாக்கள் வந்து பார்க்கும்போதும், காலையில் சுற்றிவிட்ட அதே சுற்றில் பிள்ளைகள் இருக்கும். எவருக்கும் தெரியாது. தெலுங்கு அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் வாசலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டே பார்ப்பார். "அம்மாயி, நீ திருடி," என்பார். பெண்ணை அவர்கள் அம்மாயி என்பார்கள். காட்டிக் கொடுத்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஐப்பசியில்தான் டீச்சரம்மா பெட்டியோடு வந்தார்.

டீச்சரம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையைச் சேர்ந்தவர். மாதம் ஒருமுறை மோட்டாரில் வந்து லைனில் ஜெபம் வைப்பார். சீமையிலிருந்து யாரோ அம்மாமார்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குத் துணி பின்னி அனுப்புவார்களாம். அந்தத் தடவை நாலு கம்பளிச் சட்டை வந்திருந்தது. நீல நிறம். முழங்கால்வரை நீளம், முழுக்கை, கழுத்தோரத்தில் அழகுக்கு முத்து மாதிரி இரண்டு பித்தான். பூச்சி உருண்டை வாசனை. அதுவரை அந்த மாதிரி மெத்தென்ற ஒன்றை நாங்கள் யாரும் தொட்டதில்லை. சபையில் கைப்பிள்ளை மூன்றுதான் இருந்தது. மீதி ஒன்றை டீச்சரம்மா கடைக்குட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு நாலு பிள்ளைகளும் இதப் போட்டுக்கிட்டு வில்லிபுத்தூருக்கு வரணும். போட்டோ எடுத்து அந்த அம்மாமார்களுக்கு அனுப்பணும். பத்திரம்."

என் அம்மா சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடமாக அவள் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவள் கைக்கு ஆயுதம் வந்திருந்தது.

யார் யாரோ தொட்ட துணி, கப்பலில் வந்த துணி, வெளுக்காமல் பிள்ளைக்குப் போட முடியுமா? அம்மாக்கள் நாலு பேரும் பேசி, நாலு சட்டையையும் எங்கள் துணியெல்லாம் வெளுக்கிற அத்தையிடம் போட்டார்கள். அந்த அத்தை வேலையில் சுத்தம். மில் அழுக்கைப் போக்கத் துணியை உவர்மண்ணில் முக்கி, பெரிய பானை மேல் அடுக்கி, ராவெல்லாம் ஆவியில் வேகவைக்கிற வெள்ளாவிதான் அவருக்குத் தெரிந்த வழி. எங்கள் ஊர்ப் பருத்தி அதற்கு அசைந்து கொடுக்காது. சீமை அம்மாமார்களுக்கு வெள்ளாவி என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அவர்கள் பின்னின கம்பளிக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்த சட்டைகள் பாதியாக இருந்தன. தட்டினால் சத்தம் கேட்டது. நீலம் சாம்பலாகி, மெத்தென்று இருந்தது தோல் மாதிரி இறுகிப்போயிருந்தது. கழுத்து ஓட்டைக்குள் என் இரண்டு முஷ்டிதான் நுழைந்தது.

"என்ன அத்த, பிள்ளச் சட்டய பொம்மச் சட்ட ஆக்கிட்டிய?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"நான் என்ன செய்யட்டும்? எல்லாத் துணியும் வெள்ளாவில விரியும், இது மட்டும் முடங்குது. சீமச் சாமானே அப்பிடித்தான், முறுக்கிக்கிட்டு நிக்கும். போடப் போட இளகும்."

போடப் போட இளகும் என்பதைப் பெரியவர்கள் நாலு பேரும் நம்பினார்கள். மண்தின்னிக்கு அது நெற்றியோடு நின்றுவிட்டது. ஓட்டக்காரி பிடி கொடுக்கவே இல்லை. தெலுங்கு அம்மா ஒரு தரம் இழுத்துப் பார்த்து, "ஒத்து, பிட்ட செத்துப்போகும்," என்று கொடியில் போட்டுவிட்டார். வேண்டாம், பிள்ளை செத்துப்போகும் என்று அர்த்தம். என் அம்மா விடவில்லை. தம்பியின் இரண்டு காதிலும் நெற்றியிலும் விளக்கெண்ணெய் தடவி, அவனை மடியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. தலை அந்தப் பக்கம் வந்துவிட்டது. தம்பி அலறின அலறலுக்கு லைனே வந்து எட்டிப் பார்த்தது. அம்மா முகத்தில் அன்றைக்கு ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இனி எந்தக் காத்து வருதுன்னு பாப்போம்."

போட்டதைக் கழற்ற முடியவில்லை. கழற்ற வேண்டும் என்று அம்மா நினைக்கவும் இல்லை. கீழே நனைத்தால் மட்டும் சுருட்டிவிட்டுத் துடைப்பாள். இரண்டு நாள் மூட்டமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் வேலை கெட்டுவிட்டது. பிடரியில் கை வைக்க இடமில்லை. கழுத்துப் பட்டி தோலோடு ஒட்டிக் கிடந்தது.

மூன்றாம் நாள் விடியும்போது தூறல். அம்மா கம்பளிக்கு மேல் ஒரு சேலைத்துணியும் சுற்றி, காதுக்கட்டும் கட்டிவிட்டுப் போனாள். மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில், நாங்கள் பொட்டலில் இருக்கும்போது, மேகம் கலைந்தது. அது மாதிரி ஒரு வெயிலை நான் சித்திரையில்கூடப் பார்த்ததில்லை. நான் சேலைத்துணியையும் காதுக்கட்டையும் எடுத்தேன். நனைந்த கம்பளி மேலிருந்து ஆவி கிளம்பியது. மண்தின்னி அதைப் பிடிக்கக் கையை நீட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தம்பி சிவப்பு வளைய பாபினைக் கீழே போட்டான். போட்டதைத் திரும்பி எடுக்கவில்லை.

அதைக் கண்டுதான் நான் எழுந்தேன். மற்ற மூன்றும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஓடின. இவனுக்கு முகம் செக்கச் சிவந்து, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கீழ்வழியாகக் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு லைனுக்கு ஓடினேன். ஓட்டக்காரி எனக்கு முன்னால் ஓடினாள்.

தெலுங்கு அம்மா தொட்டுப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஜொரம் அம்மாயி, ஜொரம். காத்துப் பட்டிடுச்சு. கதவச் சாத்து, நான் கம்பளி கொண்டு வாரேன்."

அவர் உள்ளே போய்ப் பெரிய போர்வையை எடுத்து வந்தார். எனக்கு அந்தப் போர்வையைப் பார்த்ததும் வெள்ளம் பார்க்கப் போன தம்பி ஞாபகம் வந்தான். கதவைச் சாத்தினதும், கரிச்சட்டியும், அந்த அறையின் புழுக்கமும் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்காகத்தான் மறுத்தேன் என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். என் கை ஒன்று சொன்னது, பெரியவர்கள் வேறொன்று சொன்னார்கள். அன்றைக்கு என் கைதான் எனக்கு நெருக்கமாக இருந்தது.

"போத்த வேண்டாம். இதக் கழட்டணும்."

"கழலாது அம்மாயி. உங்கம்மா வரட்டும்."

"சங்கு ஊதாம கேட்டத் தொறக்க மாட்டாங்க."

"அப்பம் போத்தி வை."

அவருடைய வெற்றிலைத் தட்டில் பாக்குவெட்டி கிடந்தது. கனமான இரும்புப் பாக்குவெட்டி, பிடியில் கிளி உருவம். எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒத்து. சீமச் சட்ட. போட்டோக்கு வேணும். உங்கம்மா கொன்னுபோடுவா."

"கொல்லட்டும். நீங்க அவன் தலையப் பிடிங்க."

ஒன்பது வயதுப் பெண் பெரியவரிடம் அப்படிப் பேசினது தப்புதான். ஆனால் அவர் போர்வையைக் கீழே போட்டுவிட்டுத் தலையைப் பிடித்தார். கழுத்துப் பட்டிக்குக் கீழே என் இரண்டு விரலையும் நுழைத்தேன். நகம் பிய்ந்தது. விரலுக்கு மேலே வைத்து ஒரு நறுக்கு. கொட்டைப்பாக்கு உடைகிற மாதிரியே சத்தம். இன்னொரு நறுக்கு. பித்தான் ஒன்று தெறித்து எங்கேயோ போனது. நெஞ்சு, வயிறு என்று விரலை நகர்த்தி நகர்த்தி, கடுகளவு கடுகளவாய் வெட்டிக்கொண்டே போனேன். உள்ளே தோல் முழுக்கச் செம்புள்ளியாக வேர்க்குரு. முழுசாகப் பிளந்ததும் இரண்டு பக்கமும் ஓடு மாதிரி விரிந்து நின்றது. அவனை அதிலிருந்து வேர்க்கடலையை எடுக்கிற மாதிரி எடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவை ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து நனைத்துத் துடைத்தார். நான் முறத்தால் வீசினேன். மற்ற மூன்று பிள்ளைகளும் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து சத்தமே இல்லாமல் பார்த்தன. அவை அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் அவன் பிடரி நசநசத்தது. வேர்வை. பிறகு உதட்டைப் பிதுக்கினான். பிறகு அழுதான், கம்பளிக்குள் தலை நுழைந்தபோது அழுததைவிடப் பெரிதாக.

"அழுறான் அம்மாயி, அழுறான்," என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கு ஊதியது. அம்மா வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. அவள் கண்டது என்ன? வாசலில், காற்றில், அம்மணமாக, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிள்ளை. பக்கத்தில் பிளந்து கிடக்கிற சீமைச் சட்டை. கையில் பாக்குவெட்டியோடு நான்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவனைப் பிடுங்கி மாராப்புக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இவனையுமா?"

அவ்வளவுதான் சொன்னாள். எத்தனை அடி வாங்கியிருந்தாலும் இன்றைக்கு மறந்திருப்பேன்.

பஜாரில் இருந்த கம்பவுண்டரிடம் கிட்டத்தட்ட ஓடினோம். நானும் வெட்டின சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் தம்பியைப் படுக்கவைத்துப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். மடக்மடக்கென்று குடித்தான். பிறகு என் கையிலிருந்த சட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, பலகையா?"

"சட்டைங்கய்யா. இவதான் வெட்டிப் போட்டா. பிள்ள மேல காத்துப் பட்டிடுச்சு."

"எதால வெட்டுனே?"

"பாக்குவெட்டி," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "காத்துப் பட்டதாலதாம்மா பிள்ள உக்காந்து தண்ணி குடிக்கான். சூடு வெளிய போக வழியில்லாம உள்ளேயே கொதிச்சிருக்கு. இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா நீங்க இங்க வந்து பிரயோசனம் இல்ல. இனி காய்ச்சல்னு பட்டா துணியக் கொறைங்க, கூட்டாதிய."

அம்மா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் ஐயா, காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளைக்கு நாலு போர்வ போட்டு, கதவடைச்சு, பக்கத்துல கரிச்சட்டியும் வச்சா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் எங்கள் ஊரில் நெடுநாளாக இருந்தவர். அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். "அது எதனாலயும் போயிருக்கலாம்மா," என்றார். "இனிமே போட வேண்டாம்."

திரும்பி வரும்போது தம்பி அம்மா தோளில் தூங்கிவிட்டான், ஒரு கோவணத்துணி மட்டும் கட்டிக்கொண்டு. ரயில் கேட்டில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பெட்டிகள் கடகடவென்று போகிற சத்தத்தில், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, அது நீ தூக்கிட்டுப் போனதால இல்ல."

வண்டி போய் முடிந்ததும் எனக்குப் பசித்தது. பசிக்குது என்றேன். கேட் பக்கத்துக் கடையில் காரச்சேவு வாங்கிக் கொடுத்தாள். பொட்டலம் முழுவதையும் நானே தின்றேன், ஒருவருக்கும் நீட்டவில்லை. அந்தக் காரமும் நல்லெண்ணெய் வாசனையும் இப்போதும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு பெரிய பெரிய ஓட்டலில் எல்லாம் சாப்பிட்டாயிற்று, அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது என் பாரம் இறங்கினது மட்டும்தான். என்னிடமிருந்து எடுத்த அதை அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று யோசிக்க, எனக்கும் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. முதல் தம்பி எதனால் போனான் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாத ஒன்றைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, மகளைக் காரச்சேவு தின்ன விட்டவள் என் அம்மா. நான் ஊரெல்லாம் என் சாமர்த்தியத்தைப் பேசுகிறவள், இந்த ஒரு விஷயத்தில் அவள் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சட்டைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் வருகிறது, போட்டோ வருகிறது. அம்மா தன் கொண்டையில் கட்டியிருந்த முறுக்கு நூலை அவிழ்த்து நாலு துண்டாக்கி, வெட்டின ஓரத்தில் இரண்டு பக்கமும் தைத்தாள். இப்போது கையை நுழைத்து நெஞ்சில் முடியலாம். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது எடுக்கலாம். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்தார். கடைசி வீட்டு அம்மா வந்து பார்த்தார். மறுநாள் மற்ற மூன்று சட்டையும் என்னிடம் வந்தது. தெலுங்கு அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து பாக்குவெட்டியை என் கையில் வைத்தார்.

"நீயே வெட்டு அம்மாயி. உனக்குத்தான் கை வந்திருக்கு."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மோட்டாரில் போனோம். போட்டோவில் நாடா தெரியக் கூடாது என்று சட்டையைத் திருப்பி, வெட்டின பக்கத்தை முதுகுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டீச்சரம்மா பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பித்தான் ரெண்டு இருந்துதே, எங்க?"

"முதுகுல இருக்கு டீச்சர்," என்றாள் அம்மா.

"முதுகுல ஏன் போச்சு? சட்ட ஏன் இம்புட்டூண்டா ஆச்சு?"

ஓட்டக்காரிதான் காட்டிக் கொடுத்தாள். எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள், பின்பக்கம் முழுக்கத் திறந்துகொண்டு. டீச்சரம்மா அவளைப் பிடித்து நாடாவைப் பார்த்தார், கம்பளியைத் தட்டிப் பார்த்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், வெள்ளாவியிலிருந்து கம்பவுண்டர் வரைக்கும். டீச்சரம்மா தன் கைப்பையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு. பச்சத் தண்ணில அலசணும்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. வாசிச்சேன். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

பிறகு தம்பியைத் தூக்கி முத்தம் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை நான் பார்த்ததே இல்லை. சீமையில் யார் வீட்டிலோ, தலையை ஒரு பக்கம் நிறுத்தாமல் நாலு திசையைப் பார்க்கிற எங்கள் நாலு பிள்ளைகளும் இருக்கலாம். அடுத்த வருடமும் நாலு கம்பளிச் சட்டை வந்தது. அதே கழுத்து. இந்தத் தடவை வெள்ளாவிக்குப் போகவில்லை, நேராகப் பாக்குவெட்டிக்கு வந்தது. தம்பியின் சட்டை அவனுக்குப் பிறகு மம்சாபுரத்துச் சித்தி பிள்ளைகளுக்குப் போனது. அங்கே ஐந்து பிள்ளைகள் போட்டார்கள் என்பதுவரை தெரியும், அதற்குப் பிறகு தடம் இல்லை. தம்பி இப்போது எழுபதைத் தாண்டி, தையல் கூடத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போகும்போதும் வரும்போதும் அவன் பிடரியில் கை வைத்துப் பார்க்கிறேன். திட்டுகிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலை. முதல் சங்கு ஊதிவிட்டது. பனி ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் சேலைத்துணி, காதுக்கட்டு, பருத்திச் சட்டை, நாடா வைத்த கம்பளி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லுவாள் என்று நின்றேன். அவள் மேற்கே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மல எப்பிடி இருக்குட்டி? இன்னைக்கு இவனுக்கு என்ன போட?"

மலை முழுசாகத் தெரிந்தது, முக்காடு இல்லாமல். தம்பியின் பிடரியில் கை வைத்தேன்.

"இப்பம் கம்பளி. வெயில் வந்ததும் எடுத்துட்டு ஒத்தச் சட்ட. பொறவு மலையப் பாத்துக்கிடுதேன்."

"சரி," என்றாள். அவனை என்னிடம் கொடுத்தாள். இரண்டாம் சங்கு ஊதியது. தண்ணிக் குழாயைத் தாண்டினாள். கடைசி வீட்டு மூலையைத் தாண்டினாள். மில் கேட்டுக்குள் நுழைந்தாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.